காது கொடுங்கள் – 14: சிவப்பு இலையும் எஞ்சின் நாக்கிங்கும்

பெல்ட் கீச்சிடுவதும், சைலன்சர் மேல் இருக்கும் ஹீட் ஷீல்டு துருப்பிடித்துக் கலகலப்பதும் போன வாரம் முடிந்தன. இந்த வாரம் சிவி ஜாயின்ட் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் வேறொரு சத்தம் குறுக்கே வந்துவிட்டது.

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் கிளம்பும்போது ஒரு சத்தமும் இல்லை. தாம்பரம் மேம்பாலத்தில் ஏசி போட்டு, நாலு பேரோடு, நாலாவது கியரிலேயே ஆக்சிலேட்டரை மிதித்து ஏறினால் மட்டும் டப்பாவுக்குள் கோலிகுண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு கிணிகிணிப்பு. காலை எடுத்தால் நின்றுவிடும். ஒரு கடையில் டப்பட் என்று சொல்லி அட்ஜஸ்ட் செய்து கொடுத்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது.

அகரம்தென் சாலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே மூன்று கேள்வி கேட்பார். "சார், நியூட்ரல்ல வச்சு ரேஸ் பண்ணாலும் கேக்குதா? வேகம் ஏற ஏறக் கூடுதா? லோடு இழுக்கும்போது மட்டும் வருதா?" நிற்கும்போதும் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறினால் டப்பட், பெல்ட் அல்லது எக்ஸாஸ்ட் லீக். காலை எடுத்த பிறகும் வேகத்தோடு சேர்ந்து ஊளையிட்டால் வீல் பேரிங் அல்லது டயர். மிதிக்கும்போது மட்டும் வந்தால் நாக்கிங், எஞ்சின் மவுண்ட், ஆக்சில் என்று மூன்றில் ஒன்று. இந்த மூன்று கேள்வியையும் கேட்காமல் ஸ்பானரைக் கையில் எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நம் தெருக்காரர் வண்டியில் இருந்தது நாக்கிங். சிலிண்டருக்குள் பிளக் பொறி தட்டியதும் தீ ஒரு மூலையில் பிடித்து, ஒழுங்காகப் பரவி, மறுமூலைக்குப் போக வேண்டும். சூடும் அழுத்தமும் அளவுக்கு மீறினால் தீ வந்து சேருமுன்பே அந்த மறுமூலையில் மிஞ்சியிருக்கும் கலவை தானாகவே பற்றி ஒரேயடியாக வெடிக்கிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மோதுகிறது. நம் காதில் விழுவது அந்த மோதல்தான்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்த கதையைத்தான் வாரம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் டேட்டன் நகரம். 1912 கேடிலாக் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் செய்து கொடுத்த சார்லஸ் கெட்டரிங். அவரிடம் 1916இல் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி. பொறிக்கு முந்தியே பற்றுவதால்தான் நாக்கிங் வருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. மிட்ஜ்லி சிலிண்டரின் அழுத்தத்தைப் பதிவு செய்து பார்த்து, பொறி தட்டிய பிறகுதான் அது வருகிறது என்று காட்டினார். சரி, அதை எப்படி நிறுத்துவது? பனி விலகாத முன்வசந்தத்திலேயே பூக்கும் ஒரு காட்டுச்செடிக்கு இலையின் அடிப்பக்கம் சிவப்பு. சிவப்பு வெப்பத்தை அதிகம் வாங்குவதால்தான் அது சீக்கிரம் பூக்கிறதோ, எரிபொருளையும் சிவப்பாக்கினால் சீக்கிரம் ஆவியாகி நாக்கிங் நிற்குமோ என்று இருவரும் யோசித்தார்கள். கையில் சிவப்புச் சாயம் இல்லை. அயோடின் இருந்தது. கலந்தார்கள். நாக்கிங் அடங்கிவிட்டது!

பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. நிறமே இல்லாத அயோடின் சேர்மம் ஒன்றைக் கலந்தால் மறுபடி அடங்கியது. அதாவது நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எல்லாம் வேதியியலின் வேலை. தப்பான யோசனை சரியான கதவைத் திறந்துவிட்டதை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்.

அந்தக் கதவுக்குப் பின்னால் விஷமும் இருந்தது. அவர்கள் தேடிக்கொண்டே போய் 1921 டிசம்பர் 9 அன்று எட்டியது டெட்ராஎத்தில் ஈயம். 1924இல் நியூ ஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். அதன் பிறகும் விற்பனை உலகெங்கும் பரவியது. இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரியில். உலகத்தின் கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். இந்தியாவில் அது நிற்கும்வரை ஜிஎஸ்டி ரோடு ஓரம் பஸ்ஸுக்கு நின்ற குழந்தைகளும் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள். இதைப் படித்த பிறகு எனக்குக் கோபம் அடங்கவில்லை.

வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓட்டிய பெரியவர்களுக்கு நாக்கிங் வைத்தியம் தெரியும். டிஸ்ட்ரிப்யூட்டரை இம்மி திருப்பி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். இன்று அதே வேலையை நாக் சென்சாரும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. அதனால் புது வண்டியில் சத்தம் கேட்காமல் பிக்கப் மட்டும் குறையலாம். அந்த சென்சார் போல்ட்டைக் குறிப்பிட்ட டார்க்கில்தான் முடுக்க வேண்டும். லூசாக இருந்தால் அதற்குச் சரியாகக் கேட்காது.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் இந்தச் சத்தமா என்று தெருக்காரர் கேட்டார். இல்லை. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அது நாக்கிங்கைத் தடுக்கவே செய்யும். மைலேஜ் குறைவதும், பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் கெடுவதும் வேறு கதை.

அவர் வண்டியின் பிளக்கைக் கழற்றினோம். வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். மாட்டியிருந்த பிளக்கோ அந்த எஞ்சினுக்கு ஒத்துவராத சூட்டு ரகம். கூலன்ட்டும் குறைந்திருந்தது. கம்பெனி சொன்ன பிளக்கை மாட்டி, கூலன்ட் கசிந்த ஹோஸையும் மாற்றினார் மெக்கானிக். பாலம் ஏறும்போது மூன்றாவது கியருக்கு இறங்குங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். சத்தம் போய்விட்டது.

சிவி ஜாயின்ட் கட்டாயம் அடுத்த வாரம். அதற்குள் காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக மிதித்து வட்டமடித்துப் பாருங்கள். 'டக் டக்' என்று கேட்டால் எந்தப் பக்கம் ஒடிக்கும்போது என்று குறித்து வையுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள்.

(தொடரும்)