உங்களுக்குத் தெரியுமா? நாற்காலிக் கம்பெனி பதிவு செய்த இரு குரல்கள்

■ கீஷி வைலி, எல்வி தாமஸ் இருவரும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். 1930-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டன் ஊரில், கிதாரும் கையுமாகப் பாடிப் பதிவு செய்தார்கள். இன்று நமக்குக் கிடைப்பவை ஆறே ஆறு பாடல்கள்.

■ பதிவு செய்த பாரமவுண்ட் நிறுவனம், ஒரு நாற்காலிக் கம்பெனியின் கிளை! கிராமஃபோன் பெட்டிகள் செய்து விற்றவர்கள், அவற்றில் போட்டுக் கேட்க இசைத்தட்டும் வேண்டுமே என்று இந்தத் தொழிலில் இறங்கினார்கள்.

■ அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். தட்டுகள் அதிகம் விற்கவில்லை. நிறுவனமும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. மூல உலோக அச்சுகளில் பெரும்பாலானவை பழைய இரும்புக் கணக்கில் போயின.

■ எனவே, பழைய தட்டுகளைத் தேடிச் சேர்த்த ஆர்வலர்களின் அலமாரிகளே இந்தப் பாடல்களுக்கு அடைக்கலம். நாம் இன்று கேட்பதெல்லாம் எஞ்சிய அந்தச் சில தேய்ந்த தட்டுகளிலிருந்து எடுத்த நகல்கள்தான். கரகரப்பு அதனால்தான்.

■ 1961-இல் ஆய்வாளர் மேக் மெக்கார்மிக், ஹூஸ்டனில் எல்வி தாமஸைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்தார். ஆனால் அது பல பத்தாண்டுகள் கோப்புக்குள்ளேயே கிடந்தது. 2014-இல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் வெளியான நீண்ட கட்டுரையால்தான் அந்த விவரங்கள் உலகத்துக்குத் தெரியவந்தன.

■ இதற்கிடையே, 1994-இல் வெளிவந்த 'கிரம்ப்' ஆவணப்படம், அந்த ஆறு பாடல்களில் ஒன்றான 'லாஸ்ட் கைண்ட் வேர்ட்ஸ் ப்ளூஸ்' பாடலைப் புதிய தலைமுறையின் காதுகளுக்குக் கொண்டு சேர்த்தது. 2015-இல் பாடகி ரியானன் கிடென்ஸ் தம் இசைத்தொகுப்பில் அதை மீண்டும் பாடினார்.