பனியனின் பயமும் கிருஷ்ண பிள்ளையின் பக்தியும்

பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். ராமானுஜரின் ஐயங்களுக்குக் காஞ்சி வரதரிடம் ஆறு விடைகள் பெற்றுத் தந்தவர் அவர் என்பது வைணவ மரபு. அவற்றில் ஒன்று, சரணடைந்தவனுக்கு அந்திம ஸ்மிருதி கட்டாயமில்லை என்பது. உயிர் பிரியும்போது நினைவு தப்பினாலும் பெருமாள் கைவிட மாட்டார்.

இங்கிலாந்தின் ஜான் பனியனுக்கு இந்த நிம்மதி வாய்க்கவில்லை. ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி அவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தார். யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார் என்பது, அவர் சார்ந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. ஆகவே, 'அந்தப் பட்டியலில் நான் உண்டா?' என்று மனசாட்சியைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். 1678-ல் வெளியான அவரது 'மோட்சப் பிரயாணம்' நாவலில் நாயகனின் பாவ மூட்டை சிலுவையடியில் கழன்று விழுகிறது. ஆனாலும் மரணத்தைக் குறிக்கும் கடைசி ஆற்றைக் கடக்கும்போது பழைய பாவங்கள் நினைவுக்கு வந்து அவனைக் கலங்கடிக்கின்றன. இன்னொருவனோ சொர்க்க வாசல்வரை வந்தும் நரகத்தில் தள்ளப்படுகிறான்.

அமெரிக்காவில் நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன் இந்தக் குற்றவுணர்வை ஊர் நடுவே நிறுத்தினார். 1692-ல் அந்நாட்டின் சேலம் நகரில் சூனியக்காரிகள் என்று பலரை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் அவருடைய முன்னோர். 1850-ல் வந்த 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில், தகாத உறவின் பழியை வெளிப்படையாகச் சுமக்கும் நாயகி ஹெஸ்டர் பிழைத்துக்கொள்கிறாள். அதில் தனக்குள்ள பங்கை நெஞ்சுக்குள் புதைத்த போதகர் உருகியே சாகிறார்.

தமிழுக்கு வந்த மூட்டை

பனியனின் கதையைத் தமிழில் காப்பியமாக்கியவர் எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை (1827–1900). நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்து, 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். அவரது 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் நூலாக வந்தது. ஐந்து பருவங்கள், 3,766 பாடல்கள்.

பனியன் சிலுவைக் காட்சியைச் சில வரிகளில் கடந்துவிடுகிறார். கிருஷ்ண பிள்ளை அங்கே நின்றுவிடுகிறார். குமார பருவத்தின் இரட்சணிய சரித படலம் இயேசுவின் பாடுகளை விரித்து விரித்துச் சொல்கிறது. நடுநடுவே தேவார நடையில் துதிப் பாடல்களும் வருகின்றன. பாவி தன்னையே தோண்டிப் பார்ப்பது குறைந்து, அவனுக்காக அடிபட்டவரைப் பார்த்து உருகுவது கூடுகிறது. கொள்கை பனியனுடையதுதான். உருக்கம் மட்டும் ஆழ்வார்களைக் கேட்டு வளர்ந்த மனத்திலிருந்து வந்தது.

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இந்தப் படலத்திலிருந்து சில பாடல்கள் இடம்பெற்றன. ஆவடியிலும் அம்பத்தூரிலும் மதிப்பெண்ணுக்காக அவற்றை மனப்பாடம் செய்த பிள்ளைகள், இப்போது பனியனையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அடுத்த தெருத் தேவாலயத்தில் தவக்காலத்தில் கேட்கும் பாட்டும், பூந்தமல்லிக் கோயிலில் ஒலிக்கும் பாசுரமும் எந்த இடத்தில் உறவாடுகின்றன என்பது அப்போது பிடிபடும்.