அறியாது நேர்ந்த கொலையும் ஆறாத நெஞ்சும்

மனுநீதிச் சோழன் கதையை அறியாத தமிழர் இலர். திருவாரூரில் அக்கதையை நினைவூட்டும் கல்தேர் இன்றும் நிற்கிறது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததையும், மன்னன் தன் ஒரே மைந்தனைத் தேர்க்காலில் இட்டதையும் பள்ளிப் பருவத்திலேயே படித்தோம். பசுவுக்காகக் கண்ணீர் விட்டோம், மன்னனை வியந்தோம். ஆனால் அந்த அரசிளங்குமரனைப் பற்றி எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அவனை மறக்கவில்லை. கன்று யாரும் அறியாதபடி தேர்க்காலிடையே புகுந்தது என்கிறார். அது மடிந்தது கண்ட குமரன் உள்ளம் பதைத்தான். தந்தை அறியுமுன் இதற்குக் கழுவாய் உண்டா எனக் கேட்க அந்தணரை நாடிச் சென்றான். குற்றத்தை மறைத்துக் களிக்க எண்ணியவன் அல்லன். நெஞ்சின் தீயை அணைக்க வழி தேடியவன். அவன் அருகில் அமர்ந்து ஆறுதல் சொன்னவர் ஒருவரும் கதையில் இல்லை.

தேர்கள் போயின, மோட்டார் வண்டிகள் வந்தன. நம் தோட்டப் புறங்களில் மோட்டார் சைக்கிளும் லாரியும் ஓடாத பாதை இல்லை. நான் அறிந்த லாரி ஓட்டுநர் ஒருவரின் வண்டியில் ஒரு சிறுவன் அடிபட்டு இறந்தான். விசாரணையில் ஓட்டுநர் மீது பிழையில்லை என்று தெரிந்தது. ஆயினும் அவர் ஓராண்டு வரை சரியாக உறங்கவில்லை. “சட்டம் விட்டுவிட்டது ஐயா, அந்தப் பையன் விடவில்லை” என்றார். இத்தகையவருக்கு நண்பர் என்ன செய்ய இயலும்?

முதலில் அத்துயரின் இயல்பை அறிதல் வேண்டும். ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்டு வில்லியம்சு 1976இல் இதனை ஆராய்ந்தார். தன் பிழையின்றியே ஒரு குழந்தையை ஏற்றிவிட்ட லாரி ஓட்டுநரையே அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். வேடிக்கை பார்த்தவரும் வருந்துவர். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு வகை. ‘என் கையால் நேர்ந்ததே’ என்னும் வருத்தம் அது. அவரைத் தேற்ற முயல்வது நம் கடமை. ஆனால் அவர் ஒரு நொடியில் தேறிவிட்டால் அவரைப் பற்றி நாமே ஐயுறுவோம் என்றார் அவர். ஆகவே இவ்வருத்தம் பைத்தியமும் அன்று, குற்றத்தின் சான்றும் அன்று. நல்ல உள்ளத்தின் அடையாளமே அது.

எனவே, “மறந்துவிடு”, “எல்லாம் விதி” என்று வாயை அடைத்தல் தகாது. அவர் சொல்லட்டும், பத்து முறை சொன்னாலும் கேளுங்கள். தசரதனை நினைத்துப் பாருங்கள். குடத்தில் நீர் நிறையும் ஒலியை யானையின் ஒலி எனக் கொண்டு அம்பெய்து, முனிவரின் மகனைக் கொன்றான். பார்வையற்ற பெற்றோரிடம் தானே சென்று உண்மை உரைத்தான். பின்னரோ, உயிர் பிரியும் இரவில்தான் அக்கதையைக் கோசலையிடம் கூறினான் என்கிறது வான்மீகம். அத்தனை ஆண்டுகள் நெஞ்சில் பூட்டி வைத்த சுமை எத்தகையது!

இரண்டாவது, முன்னறிவையும் பின்னறிவையும் பிரித்துக் காட்டுங்கள். ‘ஐந்து நிமிடம் தாமதித்துப் புறப்பட்டிருந்தால்’ என்று மனம் வாதாடும். புறப்படும்போது அது அவருக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாததற்குப் பொறுப்பேற்க ஒருவராலும் இயலாது. ஆனால் குடித்துவிட்டு ஓட்டியிருந்தாலோ, மிகு வேகத்தில் சென்றிருந்தாலோ, ‘உன் மீது பிழையில்லை’ என்று பொய் சொல்லாதீர்கள். பிழையை ஒப்புக்கொண்டு அதன் விளைவை ஏற்கத் துணை நிற்பதே அங்கு நட்பு.

மூன்றாவது, சட்டத்தின் வழியில் உடன் செல்லுங்கள். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்தி உதவ வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும். அஞ்சி ஓடியவரின் மனச்சுமை இருமடங்காகும். இறந்தவர் குடும்பத்தாரிடம் உடனே சென்று மன்னிப்புக் கேட்கத் துடிப்பவரும் உண்டு. வழக்கறிஞரைக் கலந்து, பெரியவர் ஒருவர் வழியாக அவர்கள் விருப்பம் அறிந்தே செல்லுதல் நன்று. நம் ஆறுதலுக்காக அவர்கள் புண்ணைக் கிளறலாகாது.

நான்காவது, கழுவாய்க்கு ஒரு வடிவம் கொடுங்கள். பழைய எபிரேய மக்கள் அறியாது கொன்றவர்க்கென ஆறு அடைக்கல நகரங்களை ஒதுக்கினர். தலைமைக் குரு இறக்கும்வரை அவர் அங்கே வாழ்ந்து, பின் ஊர் திரும்பலாம். பாதுகாப்பும் இருந்தது, தண்டனையும் இருந்தது, அதற்கு ஒரு முடிவும் இருந்தது. நம் நண்பருக்கும் முடிவுள்ள ஒரு கடமை வேண்டும். இரத்த தானம் செய்யலாம். ஓர் ஏழை மாணவரின் படிப்புச் செலவை ஏற்கலாம். இளைஞர்க்குச் சாலைப் பாதுகாப்பை எடுத்துரைக்கலாம்.

இறுதியாக, எச்சரிக்கையாக இருங்கள். உறக்கமின்மையும், விபத்துக் காட்சி திரும்பத் திரும்பத் தோன்றுவதும், குடியில் ஆழ்வதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். “நான் இருந்து என்ன பயன்?” என்று அவர் கூறினால் தனியே விடாதீர்கள். சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய்ப் பிறப்பதில்லை. உடனே மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். நம் நாட்டில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. வழக்கு வரும் என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. பிஃப்ரெண்டர்ஸ் போன்ற தொண்டு அமைப்புகளும் செவிசாய்க்கக் காத்திருக்கின்றன.

திருவாரூரில் இறைவன் தோன்றிக் கன்றையும் குமரனையும் உயிர்ப்பித்தான். நம் சாலைகளில் இறந்தவர் மீள்வதில்லை. ஒரு விபத்து ஓர் உயிரைக் கொண்டு சென்றது போதும். அது இரண்டாம் உயிரையும் கொள்ளாதவாறு காப்பது நண்பர் கடமை அன்றோ?