ஓய்வூதியமும் ஒரு கடன்
அயலூர் உத்தியோகம் – 9

“நீங்கள் கவனித்து வந்த ஒரு டீலைப் பற்றிச் சொல்லுங்கள்.”

லண்டனில் டீல் அட்வைசரி வேலைக்கு நேர்காணல் என்றால் இந்தக் கேள்விக்குத் தயாராகப் போவது நல்லது. இந்தியாவிலிருந்து வீடியோவில் வரும் சிஏக்கள் பலரும் டாடா–கோரஸ் என்பார்கள். நல்ல தேர்வுதான். 2006 அக்டோபரில் பங்குக்கு 455 பென்ஸ் என்று டாடா ஸ்டீல் ஆரம்பித்தது. பிரேசிலின் சிஎஸ்என் போட்டிக்கு வந்தது. 2007 ஜனவரி கடைசியில் நடந்த ஏலத்தில் சிஎஸ்என் 603 பென்ஸில் நின்றுவிட, டாடா 608-க்கு முடித்தது. மொத்தம் ஏறத்தாழ 620 கோடி பவுண்ட்.

இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. குரலில் கொஞ்சம் பெருமிதம்கூட இருக்கும். ஆள் யார் என்பது அடுத்த கேள்வியில்தான் தெரியும்: “வாங்குபவர் தரப்பில் நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பென்ஷன் ஸ்கீமை என்ன செய்திருப்பீர்கள்?”

பிரிட்டனின் பழைய கம்பெனிகள் பல, வாங்கிய சம்பளத்தையும் வேலை பார்த்த வருஷத்தையும் கணக்கிட்டு ஆயுள் முழுக்கப் பென்ஷன் தருவதாகத் தொழிலாளிகளுக்கு வாக்குக் கொடுத்தவை. நம்மூரில் அப்படிப்பட்ட பென்ஷன் என்றால் அரசு உத்தியோகம்தான் நினைவுக்கு வரும். அங்கே இரும்பு ஆலையும் கொடுத்தது, துணி விற்கும் கடையும் கொடுத்தது. அதற்கென்று தனி நிதி, பார்த்துக்கொள்ள ட்ரஸ்டிகள். நிதி போதாமல் போனால் கம்பெனிதான் குறையை நிரப்ப வேண்டும். கம்பெனி கைமாறினால் அந்தக் கடமையும் கூடவே போகும்.

கோரஸோடு டாடா கைக்கு வந்த பிரிட்டிஷ் ஸ்டீல் பென்ஷன் ஸ்கீமில் ஏறத்தாழ 1.3 லட்சம் பேர் இருந்தார்கள். ஆலையில் வேலை பார்த்தவர்களைவிட ஸ்கீமில் இருந்தவர்கள் பல மடங்கு. 2008 நெருக்கடிக்குப் பிறகு வட்டி விகிதம் சரிந்தது. வட்டி குறையக் குறைய, நாளைக்குத் தர வேண்டிய பென்ஷனின் இன்றைய மதிப்பு ஏறிக்கொண்டே போகும். 2016-இல் டாடா தன் பிரிட்டன் தொழிலை விற்கப் பார்த்தபோது வாங்க வந்தவர்களைத் தயங்கவைத்தவற்றில் இந்த ஸ்கீம் முக்கியமானது. கடைசியில் 2017-இல் ஸ்கீமுக்கு 55 கோடி பவுண்டும், டாடா ஸ்டீல் யுகேயில் 33 சதவீதப் பங்கும் கொடுத்துத்தான் டாடா அதிலிருந்து விடுபட முடிந்தது.

பிஎச்எஸ் கதை இன்னும் சுருக்கம். நாடெங்கும் கிளை பரப்பியிருந்த அந்தக் கடைகளை பிலிப் கிரீன் 2015-இல் ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றார். மறு வருஷமே கம்பெனி மூழ்கியது. பென்ஷன் நிதியில் 57.1 கோடி பவுண்ட் பற்றாக்குறை. பெரிய சண்டைக்குப் பிறகு 2017-இல் 36.3 கோடி வரை தர கிரீன் சம்மதித்தார்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணக்கு விதி இப்போது பெரும்பாலான நாடுகளில் ஏறக்குறைய ஒன்றுதான். சென்னையில் படித்ததை வைத்து லண்டனில் பிழைக்கலாம். ஆனால் கடன் ஒளிந்திருக்கும் இடம் ஊருக்கு ஊர் வேறு. வெளிநாட்டு ஆளை எடுக்கும்போது அவர்களுக்கு இருக்கும் நிஜமான பயம் இதுதான், உங்கள் உச்சரிப்பு அல்ல.

கேஸ் ஸ்டடி சுற்றில் இது பச்சையாகத் தெரியும். ஓர் எக்செல் கோப்பு அனுப்புவார்கள். கொஞ்ச நேரம் கொடுத்து, கண்டதைச் சொல்லச் சொல்வார்கள். ஒரு பிஸ்கட் கம்பெனி விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம், 50 லட்சம் பவுண்ட். எட்டு மடங்கு விலை என்றால் 4 கோடி. கோப்பின் ஒரு மூலையில் முதலாளியின் வருஷச் சம்பளம் 12,000 பவுண்ட் என்று இருக்கும். பிரிட்டனில் சொந்தக் கம்பெனி நடத்துபவர்கள் வரிக்காகச் சம்பளத்தைக் குறைத்து டிவிடெண்டாக எடுப்பது வழக்கம். அவர் விற்றுவிட்டுப் போனதும் அந்த நாற்காலிக்கு 2 லட்சம் பவுண்டில் ஓர் எம்டி வேண்டும். லாபத்தில் 1.88 லட்சம் போயிற்று; விலையில் ஏறத்தாழ 15 லட்சம் போயிற்று. அந்த ஒரு வரியைப் பார்க்காமல் பத்து வரைபடம் போட்டுக் காட்டுபவர்கள் உண்டு. ஃபைனான்ஷியல் மாடலிங் சான்றிதழ்கள்மேல் எனக்கு மரியாதை குறைந்தது அவர்களால்தான்.

அதே கோப்பில் வாடகைக் கட்டடங்களும் இருக்கும். குத்தகை முடிந்து காலி செய்யும்போது கட்டடத்தைப் பழுது பார்த்து, தான் வைத்த தடுப்புகளை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அங்கே பெரும்பாலும் வாடகைக்காரருடையது. டிலாபிடேஷன்ஸ் என்பார்கள். அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? இல்லையென்றால் அதுவும் கடன்தான், வங்கி கொடுக்காத கடன்.

ஒத்திகைக்காக என்னிடம் பேசிய சென்னைத் தம்பி ஒருவர், நாலு வருஷம் ஆடிட்டில் இருந்தவர், நியாயமாகவே கேட்டார்: “அண்ணா, ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கை நான் எப்படி மாத்துறது?”

“மாத்த வேண்டாம்பா. ஆடிட்டர் போன வருஷக் கணக்கு சரின்னு சொல்லியிருக்கார். வாங்கறவனுக்கு வரப்போற வருஷத்துல என்ன மிஞ்சும்னு நீ சொல்லணும்.”

மனை வாங்குபவர் பத்திரம் அசலா என்று பார்த்ததோடு நிறுத்தாமல் வில்லங்கமும் போட்டுப் பார்க்கிறாரே, டியூ டிலிஜென்ஸ் என்பது அந்த இரண்டாவது வேலை. ஆடிட்டிலிருந்து வருபவர்களுக்குத் திறமை குறைவில்லை. கையெழுத்தானதைக் கேள்வி கேட்பது அவர்களுக்கு அவமரியாதையாகப் படுகிறது, அவ்வளவுதான்.

தயாரிப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நம்மூர் கம்பெனியின் ஆவணங்களை எம்சிஏ தளத்தில் பார்க்கக் கட்டணம் கட்ட வேண்டும். பிரிட்டனின் கம்பெனீஸ் ஹவுஸில் அங்கே பதிவான கம்பெனிகளின் கணக்கு இலவசம்; மாம்பலத்தில் உட்கார்ந்தே இறக்கிக்கொள்ளலாம். ஒரே தொழிலில் நாலைந்து கம்பெனிகளை எடுத்து, லாப நஷ்டக் கணக்கை விட்டுவிட்டுப் பின்னிணைப்புக் குறிப்புகளை மட்டும் படியுங்கள். பென்ஷன், குத்தகை, முதலாளியின் உறவினர் கம்பெனிகளோடு உள்ள கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கேதான் சின்ன எழுத்தில் கிடக்கும்.

மற்றச் சுற்றுகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எச்ஆர் முதலில் கேட்பது விசாவைத்தான். ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவின் பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700-க்கும், 2025 ஜூலையில் 41,700-க்கும் ஏறியது என்பதைச் சென்ற வாரமே பார்த்தோம். பார்ட்னருடன் நடக்கும் கடைசிச் சுற்று பெரும்பாலும் பேச்சுதான். இந்த ஆளை நம்பி கிளையண்ட் முன்னால் உட்கார வைக்கலாமா என்று எடை போடுவார்.

லண்டன் இல்லாமல் துபாய் என்றால் தேட வேண்டிய இடம் மாறும். அங்கே வேலையை விட்டுப் போகும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதல் ஐந்து வருஷங்களுக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட வருஷங்களுக்கு 30 நாள் சம்பளமும் கிராஜுவிட்டி. பல கம்பெனிகள் இதற்கென்று பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்காது. ஜெர்மனியில் பென்ஷன் வாக்குறுதிக்குத் தனி நிதியே இல்லாமல், கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் வெறும் ஒதுக்கீடாக மட்டும் நிற்பது சகஜம்.

முடிவில், “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். கம்பெனியின் பண்பாடு, பயிற்சி வசதி என்று கேட்டு அந்த இரண்டு நிமிஷத்தை வீணடிக்காதீர்கள். “இந்த ஊர் டீல்களில், இது கடனா இல்லையா என்று வாங்குபவரும் விற்பவரும் அதிகம் சண்டை போடுவது எதற்காக?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர்கள்தான் பேசுவார்கள். நீங்கள் குறித்துக்கொண்டால் போதும்.

(அடுத்த வாரம்: சம்பளப் பேச்சு)