உப்பள வெயிலில் இடுங்கும் கண்கள்

மரக்காணம் பாத்திகளில் உப்பு வாருபவர்களின் முகத்தைச் சற்றுக் கவனியுங்கள். தலையில் துண்டு உண்டு. ஆனால் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உப்பிலும் தேங்கிய நீரிலும் பட்டுக் கீழிருந்தும் கண்ணில் அடிக்கிறது. அதைத் துண்டு தடுக்காது, முகத் தசைகள்தான் தடுக்க வேண்டும்.

கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் ஆர்பிகுலாரிஸ் ஆக்குலை என்னும் தசை இமைகளை இடுக்குகிறது. கோருகேட்டர் புருவங்களை உள்ளே இழுக்க, நடுவில் செங்குத்துக் கோடுகள் விழுகின்றன. மூக்குத் தண்டின் உச்சியில் குறுக்குக் கோடு போடுவது புரோசீரஸ். இவை பெரும்பாலும் எலும்பில் தொடங்கித் தோலில் முடிபவை. அதனால்தான் தசை சுருங்கினால் தோலே மடிகிறது, இழைக்குக் குறுக்காக. கண்ணோரச் சுருக்கத்தைச் சிரிப்பென்று எண்ணிவிடாதீர்கள். மனம் நிறைந்த சிரிப்பிலும் இதே வளையத்தசை சுருங்குவதை 1862இல் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் எழுதிவைத்தார்.

இப்படி இறுகிய முகத்தைத் தளர்த்த, மசாஜ் பயில்பவர்களுக்கு: கையில் உப்பு ஒட்டியிருந்தால் முதலில் கழுவுங்கள். புருவ எலும்பின் மேல், மூக்குப் பக்கமிருந்து நெற்றிப்பொட்டு வரை, விரல்நுனியால் மெல்ல நீவுங்கள். கண்குழிக்குள் இறங்கவே கூடாது.

இத்தசைகளை இயக்குவது 7ஆம் கபால நரம்பு. காதுக்குக் கீழே வெளிவந்து, பரோடிட் சுரப்பிக்குள் 5 கிளைகளாகப் பிரிகிறது; அங்கே அழுத்த வேண்டாம். மெல்லும் தசையான மாசெட்டர் இந்தக் கூட்டத்தில் சேராது, அதற்கு 5ஆம் நரம்பு. ஒரு பக்க முகம் திடீரெனத் தொங்கினாலோ, இமை மூடாவிட்டாலோ மசாஜ் செய்யாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.