பாதி செய்த துப்பாக்கியும் முழுச் சட்டமும்

திருவனந்தபுரத்துப் பழவங்காடி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன, கணபதி கோயிலும் அதன் வாயிலில் ஓயாமல் உடைபடும் தேங்காய்களுமே. கிழக்குக் கோட்டைக்கு அருகே, சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் கைகூப்பாமல் கடக்காத இக்கோயிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இதைப் பராமரித்து வருவது இந்திய ராணுவம். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் வழிபட்ட மூர்த்தி, தலைநகரம் மாறியபோது படையோடு கூடவே இங்கு வந்தது என்பது வழிவழிச் செய்தி. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி அடங்கிய பின் ஆங்கிலேயர் அப்படையைப் பெரும்பாலும் கலைத்துவிட்டனர். பிற்பாடு அது நாயர் பிரிகேட் என்னும் பெயரால் மீண்டும் உருப்பெற்று, நாடு விடுதலையடைந்த பிறகு சென்னை ரெஜிமெண்டின் அங்கமாய் இந்திய ராணுவத்தில் கலந்தது. படை கலந்தது, கோயிலும் உடன் சென்றது.

படை ஒன்றிடம் உள்ள துப்பாக்கிகளைப் பற்றி நமக்கு ஐயம் எழுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. கிடங்கில் இடம் உண்டு. எடுத்தவர் யார், திருப்பி வைத்தவர் யார் என்பதற்குப் பதிவேடு உண்டு. குடிமக்களிடம் உள்ள துப்பாக்கியைப் பற்றித்தான் வினாக்கள் எழுகின்றன. அவற்றுள் வினோதமான ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். இரும்புத் துண்டு ஒன்று எந்தக் கணத்தில் துப்பாக்கி ஆகிறது? சட்டத்தின் கண்ணில் அது எப்போது வெறும் உலோகம், எப்போது ஆயுதம்?

இவ்வினா அமெரிக்காவில் பெரு வழக்காகவே வளர்ந்தது. துப்பாக்கிக்குக் குழல், விசை, கட்டை எனப் பல உறுப்புகள் உண்டல்லவா? இவற்றையெல்லாம் ஒன்றாகப் பிணைத்துப் பிடித்து வைக்கும் நடு உடல் ஒன்று உண்டு. நீள்துப்பாக்கியில் அதை ரிசீவர் என்பார்கள். ரிசீவர் என்றால் நேயர்களுக்கு வானொலிப் பெட்டியோ தொலைபேசியின் கைப்பிடியோதான் தோன்றும், இது வேறு. அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நடு உடலையும் துப்பாக்கியாகவே கருதுகிறது. தயாரிப்பாளர் அதன்மேல் எண் பொறிக்க வேண்டும். விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். குழலும் கட்டையும் பிறவும் பெரும்பாலும் சாதாரணச் சரக்குகளாகவே விற்கப்பட்டன.

சட்டம் ஓர் உறுப்பின்மேல் மட்டும் முழுப் பாரத்தையும் ஏற்றினால், வியாபாரி என்ன செய்வான்? அந்த உறுப்பை முடிக்காமல் விட்டுவிடுவான். அதுவே நடந்தது. சில துளைகளும் சில குடைவுகளும் பாக்கி வைத்து, 'எண்பது விழுக்காடு முடிந்தது' என்ற பெயரோடு அந்த நடு உடல்கள் விற்பனைக்கு வந்தன. எண்பது என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத கணக்கு; வியாபாரத்திற்காகப் பிறந்த சொல். ஒரு கம்பெனி அலுமினியத்தில் செய்தது, இன்னொன்று பிளாஸ்டிக்கில் செய்தது. ஒன்று வழிகாட்டும் அச்சையும் சேர்த்துக் கொடுத்தது, மற்றொன்று தனியே விற்றது. வாங்குவோரும் இவற்றை ஒப்பிட்டு, எதில் மிச்ச வேலை குறைவு என்று பார்த்து வாங்கினர். புடைவைக் கடையில் நாம் கரையையும் நூலையும் ஒப்பிடுவதைப் போன்ற ஒப்பீடுதான். ஆனால் இங்கே ஒப்பிடப்பட்டது யாதெனில், சட்டத்தின் எல்லைக் கோட்டிலிருந்து சரக்கு எத்தனை அங்குலம் தள்ளி நிற்கிறது என்பதே.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. குற்றங்களில் கைப்பற்றி, எங்கிருந்து வந்தது என்று கண்டறியும்படி அந்நாட்டு மத்திய அரசுக்கு அனுப்பப்பட்ட எண் இல்லாத துப்பாக்கிகள் 2017இல் ஏறத்தாழ 1,600. 2021இல் அத்தொகை 19,000க்கும் மேல். எண் இல்லையேல் தடம் இல்லை. யார் செய்தது, யாருக்கு விற்றது என்ற கேள்விக்கு விடையே இல்லை. ஆகவே 2022இல் அந்நாட்டு அரசு புதிய விதி ஒன்றைச் செய்தது. எளிதில் முடிக்கத்தக்க தொகுப்புகளையும் முடியாத உடல்களையும் துப்பாக்கியாகவே கருதுவோம் என்பது அதன் சாரம். விற்பனையாளரும் ஆர்வலரும் வழக்குத் தொடுத்தனர். 2025 மார்ச் 26இல் உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகளின் பெரும்பான்மையோடு, விதி சட்டத்துக்கு முரணானது அன்று எனத் தீர்ப்பளித்தது; இருவர் மாறுபட்டனர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். பாலிமர்80 என்னும் கம்பெனியின் தொகுப்பு ஒன்றை அதற்கு முன் கண்டே இராத ஒருவர், சாதாரணக் கருவிகளைக் கொண்டு 21 நிமிடங்களில் முழுத் துப்பாக்கியாக்கிவிட்டார் என்ற செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. ஆயினும் எல்லாப் பாதி உடல்களும் துப்பாக்கியே என்று நீதிமன்றம் சொல்லிவிடவில்லை. கோடு சரியாக எங்கே என்பதை வருங்கால வழக்குகளுக்கு விட்டுவிட்டது.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் ஏன் இவ்வுருவில் எழவில்லை? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை எடுத்து இரண்டாம் பிரிவைப் படித்தால் விடை கிடைக்கும். 'ஆயுதம்' என்பதற்கும் 'துப்பாக்கி' என்பதற்கும் அங்கே தந்துள்ள இலக்கணத்தில், அவற்றின் உறுப்புகளும், அவற்றைச் செய்வதற்கான இயந்திரங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆக, நடு உடல் மட்டும் அன்று, குழலும் விசையும்கூட ஆயுதமே. பட்டறையில் அவற்றைச் செய்வதற்கென அமைந்த பொறியும் அவ்வாறே. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். சட்டத்தில் உள்ள அச்சொல்லைத் தமிழில் 'பகுதி' என்று பெயர்ப்பதைவிட 'உறுப்பு' என்று பெயர்ப்பது பொருந்தும். பகுதி என்றால் வெட்டிய துண்டு. உறுப்பு என்றால் உடலோடு உறவு கொண்டது. சட்டம் நோக்குவது அந்த உறவைத்தான்.

ஐந்தாம் பிரிவு இன்னும் அழுத்தமானது. உரிமம் இன்றித் துப்பாக்கியை உற்பத்தி செய்வதை மட்டும் அது தடுக்கவில்லை. விற்றல், கைமாற்றல், மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகிய அனைத்திற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. ஆறாம் பிரிவு, பொம்மைத் துப்பாக்கியை மெய்த் துப்பாக்கியாக மாற்றுவதையும் குழலை அறுத்துக் குறுக்குவதையும் பற்றியது. எட்டாம் பிரிவு, பொறித்த எண்ணை அழிப்பதையும், எண்ணோ செய்தவர் பெயரோ இல்லாத துப்பாக்கியை விற்பதையும் தடுக்கிறது. பத்தாம் பிரிவு இறக்குமதியைப் பற்றியது. கடல் கடந்து வாழும் உறவினர் எவரேனும், அங்கே தடையின்றிக் கிடைத்தது என்று இத்தகைய அரைகுறைப் பொருள் ஒன்றைப் பார்சலில் அனுப்பி வைத்தால், இங்கே அதைப் பெறுபவர் எண்பது விழுக்காட்டுக் கணக்கைக் காட்டித் தப்ப இயலாது.

தண்டனையும் கடுமையாகியுள்ளது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன், உரிமமின்றித் துப்பாக்கி செய்வதற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்றிருந்தது. திருத்தத்திற்குப் பின் குறைந்தது ஏழு ஆண்டு, கூடினால் ஆயுள்.

முடியாத துப்பாக்கி என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. பீகாரில் கங்கைக் கரையிலுள்ள முங்கேர், பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காள நவாபு மீர் காசிம் தன் தலைநகரை அங்கே மாற்றிக்கொண்ட நாள் முதல் துப்பாக்கிக் கம்மியர்களுக்குப் பேர்போன ஊர். உரிமம் பெற்ற தொழிற்கூடங்கள் அங்கே உண்டு. கள்ளப் பட்டறைகளும் உண்டு. அங்கும் மேற்கு வங்காளத்திலும் போலீசார் சோதனை நடத்தும்போதெல்லாம், முடிந்த கைத்துப்பாக்கிகளோடு பாதி முடிந்தவையும் குவியலாக அகப்படுவது வழக்கம். ஓரிடத்தில் உடல் வார்த்து, வேறிடத்தில் முடிப்பது கள்ளத் தொழிலின் உத்தி. பிடிபட்டால் இது துப்பாக்கி அன்று, இரும்புதான் என்று வாதிட அவர்களுக்கும் ஆசை இருக்கும். நம் சட்டத்தின் இலக்கணம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. முங்கேர்க் கம்மியனின் கைத்திறனை வியக்காதிருக்க முடியாது. அத்திறனுக்கு நேர்வழியில் போதிய வேலை கிடைத்திருந்தால் இக்கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். நேர்வழித் தொழில் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் தொடங்கியது. படைகளுக்கான துப்பாக்கிகள் அங்கே உருவாகின்றன.

சட்டம் இவ்வளவு அகலமாக வலை வீசினால், வீட்டிலுள்ள ஒவ்வோர் ஆணியும் சிக்கிக்கொள்ளாதா என்று கேட்கலாம். அதற்காக அமைந்ததே நாற்பத்தைந்தாம் பிரிவு. சிறு உறுப்புகளை, அவற்றோடு இணையத்தக்க பிற உறுப்புகளுடன் சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமின்றி வைத்திருப்பவர்மேல் இச்சட்டம் பாயாது. அந்த நோக்கம் பிறரிடம் உள்ள உறுப்போடு சேர்ப்பதாக இருந்தாலும் விலக்கு இல்லை. அவ்வாறே, வழக்கொழிந்த பாணியிலான, அல்லது பழம்பொருள் மதிப்புடைய, அல்லது பழுதடைந்த ஆயுதத்திற்கும் விலக்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாதிருக்க வேண்டும். இந்த 'பழுதுபார்த்தாலும்' என்ற சொல்தான் பலர் கண்ணில் படாமல் போவது. துருப்பிடித்தது, சுடாது, ஆகவே ஆயுதமன்று என்று நினைப்பது தவறு. கொல்லர் ஒருவர் இரண்டு நாளில் சரிசெய்யக் கூடியதாயின், அது இன்றும் சட்டத்தின் பிடியில் உள்ள துப்பாக்கியே. பாதி பிறந்த துப்பாக்கியும் பாதி இறந்த துப்பாக்கியும் இவ்வகையில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் கவனிக்க வேண்டியது இவ்விடத்தைத்தான். நம்மில் எவரும் துப்பாக்கி செய்யப் போவதில்லை. ஆனால் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒன்று இருக்கக் கூடும். நாஞ்சில் நாட்டில் அப்படியொரு வீட்டை எண்ணிப் பாருங்கள். 1956 நவம்பர் 1க்கு முன் அப்பகுதி திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பாட்டனார் காலத்தில், வயலையும் தோப்பையும் காக்க உரிமத்தோடு வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி. பாட்டனார் மறைந்தார், தந்தையார் அதைப் பரணில் வைத்தார், பிள்ளைகள் பம்பாயிலும் டில்லியிலும் வேலை பார்க்கிறார்கள். துப்பாக்கி சொத்துத்தான், பாகப் பிரிவினையில் வரும். உரிமமோ பாட்டனாருக்குத் தரப்பட்டது. அது அவரோடு முடிந்தது. பாகப் பத்திரத்தில் எழுதிக்கொள்வதால் அது எவருக்கும் வந்துவிடாது. உரிமம் இல்லாது துப்பாக்கியை வைத்திருப்பதற்கு 2019 முதல் குறைந்தது இரண்டு ஆண்டு, கூடினால் ஐந்தாண்டு சிறை. வீட்டை விற்கும் நாளில் பரணிலிருந்து அது வெளிப்பட்டால், அறியாமல் இருந்தோம் என்று சொல்லும் நிலைக்குக் குடும்பம் ஆளாக வேண்டியிருக்கும்.

இதற்கு விதிவிலக்கு நம் அண்டை நாடான குடகில் உண்டு. குடகர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நில உரிமையாளர்களுக்கும், ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொடர்ந்து வந்த வழக்கப்படி, உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. 2019இல் மத்திய அரசு இவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. அதை எதிர்த்த வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021இல் தள்ளிவிட்டது. கைல்போது திருநாளில் அவர்கள் ஆயுதத்தைப் பூவிட்டு வணங்குவதைக் கண்டவர்கள், அங்கே துப்பாக்கி குடும்ப உறுப்பினரைப் போன்றது என்பதை உணர்வர். ஆனால் மடிக்கேரியில் எஸ்டேட் வேலைக்குச் சென்ற தமிழருக்கு, அங்கே குடியிருக்கிறோம் என்ற காரணத்தால் மட்டும் அவ்விலக்கு வந்துவிடாது.

கேரளத்தில் வேறொரு காரணத்தால் பழைய துப்பாக்கிகள் பேச்சுக்கு வந்துள்ளன. காட்டுப்பன்றிகள் பயிரை அழிப்பதால், அவற்றைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை 2022இல் அம்மாநில அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. சுடுபவர் உரிமம் பெற்ற துப்பாக்கி உடையவராய் இருத்தல் வேண்டும். பரணில் கிடப்பதை எடுத்துத் துடைத்துப் பன்றியை நோக்கிச் செல்வதற்கு இது அனுமதி அன்று.

சரி, பரணில் இருப்பதை என்ன செய்வது? இருபத்தோராம் பிரிவு வழி காட்டுகிறது. எக்காரணத்தாலேனும் வைத்திருத்தல் சட்டப்படியானதாய் இல்லாமற்போன ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். எழுத்துமூலமான ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதில் துப்பாக்கியின்மீது பொறித்துள்ள எண்ணும் செய்தவர் பெயரும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய உரிமப் புத்தகம் கிடைத்தால் அதையும், உரிமதாரரின் மரணச் சான்றிதழையும் உடன் கொண்டு செல்வது நலம். ஒப்படைத்ததனால் பொருள் போய்விடவில்லை. வாரிசுகளில் ஒருவர் தம் பெயரில் உரிமம் பெற்றால் அதைத் திரும்பப் பெறலாம். அல்லது உரிமம் உள்ளவருக்கோ வியாபாரிக்கோ விற்று, தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். குறித்த காலத்துக்குள் இரண்டில் ஒன்றும் செய்யாவிடில் அரசுக்குப் பறிமுதலாகும். உரிமம் கேட்கும் விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு, போலீஸ் கமிஷனர் உள்ள நகரங்களில் கமிஷனருக்குச் செல்லும். இப்போது ஒருவர் வைத்திருக்கக்கூடியவை இரண்டு துப்பாக்கிகள் மட்டுமே. பரம்பரையாக வந்ததும் அந்த இரண்டில் அடங்கும். உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டு. உரிமத்தோடு வேறு மாநிலத்தில் குடியேறுபவர், அது நாடு முழுவதற்கும் செல்லுமா, அல்லது குறித்த எல்லைக்கு மட்டுமா என்பதை உரிமத்தாளிலேயே பார்த்து, புதிய விலாசத்தை அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட வேண்டும்.