மருத்துவக் கவனக்குறைவும் நோயாளியின் சட்ட வழிகளும்: செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சியில் ஒருவர் கடுமையாக நோயுற்றால் அவருடைய சிகிச்சை பெரும்பாலும் ஒரே இடத்தில் முடிவதில்லை. உள்ளூர் கிளினிக்கிலோ அரசு மருத்துவமனையிலோ தொடங்கி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திண்டிவனம், திருவண்ணாமலை, புதுச்சேரி ஆகிய ஊர்களின் மருத்துவமனைகளுக்கோ அது நீள்கிறது. இவ்வாறு கைமாறும் சிகிச்சையில் தவறு நேர்ந்தால், அது எங்கே, யாரால் நேர்ந்தது என்பதை நிறுவ ஆவணங்களே துணைநிற்கின்றன. அந்த ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை அறியாமலேயே பல குடும்பங்கள் இழப்பைத் தலைவிதியென ஏற்று ஒதுங்குகின்றன, அல்லது ஆத்திரத்தில் மருத்துவமனை முன் திரண்டு மறியலில் இறங்குகின்றன.

கவனக்குறைவு எது?

சராசரித் திறமையுள்ள மருத்துவர் அதே சூழலில் காட்டியிருக்கக்கூடிய நியாயமான கவனத்தைச் சிகிச்சையளித்தவர் காட்டத் தவறி, அதன் விளைவாக நோயாளிக்குத் தீங்கு நேர்வதே மருத்துவக் கவனக்குறைவு எனப்படும். நோய் குணமாகாததோ, ஏற்கத்தக்க இரு சிகிச்சை முறைகளுள் மருத்துவர் ஒன்றைத் தேர்ந்துகொண்டதோ மட்டும் கவனக்குறைவு ஆகிவிடாது. வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிடுவதும், வகை பொருந்தாத ரத்தத்தை ஏற்றுவதும் அதன் வெளிப்படையான வடிவங்கள். ஹோமியோபதி மட்டும் பயின்றவர் அலோபதி மருந்து கொடுப்பது தன்னளவிலேயே கவனக்குறைவு என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்துள்ளது.

செய்யாமல் விடுவதும் கவனக்குறைவே என்பதற்குச் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996 ஆகஸ்டில், 29 வார வளர்ச்சியுடன் 1,250 கிராம் எடையில் பிறந்த குழந்தையின் வழக்கு சான்றாகும். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முறைதவறி வளர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும் என்பதால், பிறந்த சில வாரங்களுக்குள் அவர்களுக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும். அப்பரிசோதனை செய்யப்படவில்லை, அதன் தேவை பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் ஐந்து லட்சம் ரூபாய் வழங்கிய இவ்வழக்கில், உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் இழப்பீட்டை ஏறத்தாழ 1.80 கோடி ரூபாயாக உயர்த்தியது.

ஒப்புதலின்றி அறுவை சிகிச்சை செய்வதும் சட்டத்தை மீறுவதாகும். ஒரு பரிசோதனைக்கு நோயாளி கொடுத்த ஒப்புதலை அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆபத்தான நிலையில் வருவோருக்குக் காவல்துறை நடைமுறைகளைக் காரணம் காட்டி முதல் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதும் 1989 முதல் சட்டநிலையாக உள்ளது.

கட்டணம் செலுத்திய நோயாளி

இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பின்படி, கட்டணம் பெறும் மருத்துவச் சிகிச்சை நுகர்வோர் சட்டம் குறிப்பிடும் 'சேவை'க்குள் அடங்கும். சிலரிடம் கட்டணம் பெற்றும் சிலருக்கு இலவசமாகவும் சிகிச்சையளிக்கும் மருத்துவமனையில், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் இச்சட்டத்தை நாடலாம். காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்றாலும் அது இலவசச் சிகிச்சை ஆகாது என்று அத்தீர்ப்பு கூறுவதால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களும் அதனை எடுத்துக்காட்டி வாதிடலாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தரும் முக்கியமான வசதி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதாகும். ஆகவே, புதுச்சேரியிலுள்ள தனியார் மருத்துவமனையின் மீதும் செஞ்சிவாசி விழுப்புரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். மருத்துவமனைக்குச் செலுத்திய கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அக்கட்டணம் ஐந்து லட்சத்துக்கு மிகாதபோது புகாருக்குக் கட்டணம் இல்லை. தீங்கு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மட்டுமே ஆணையம் விலக்களிக்கும்.

அரசு மருத்துவமனை

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்பினும், அங்கு நேரும் தவறுக்கு அரசு பொறுப்பேற்றாக வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடுப்பது ஒரு வழி. வாழ்வுரிமையைக் காக்கும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவை முன்வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு தன் கடமையைச் செய்யப் பணிக்குமாறு கோரும் மனு, அளிப்பது மற்றொன்று. சாத்தூரில் 2018 டிசம்பரில், எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது.

குற்ற வழக்கும் மருத்துவக் கவுன்சிலும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருத்துவரின் சிகிச்சையில் கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் இரண்டாண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. எனினும், சாதாரணத் தவறு இதற்குப் போதாது, அப்பட்டமான கவனக்குறைவு வேண்டும் என்றும், காவல்துறை வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்தைப் பெற்ற பின்பே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2005-இல் வரையறுத்தது. மருத்துவரின் தொழில் ஒழுக்கம் குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் அளிக்கலாம். அது மருத்துவரை எச்சரிக்கவோ அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவோ வல்லதாயினும் இழப்பீடு வழங்காது. மருத்துவமனையின் பதிவு, வசதிக்குறை ஆகியவை பற்றிய புகார் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்குச் செல்ல வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதற்படி கேஸ் ஷீட் எனப்படும் சிகிச்சைப் பதிவின் நகலை எழுத்து மூலம் கோருவதாகும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் அது வழங்கப்பட வேண்டும். மருத்துவர்கள் இப்பதிவுகளை மூன்று ஆண்டுகளே வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதால் தாமதம் ஆபத்தானது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது தரப்படும் பரிந்துரைச் சீட்டு, ஸ்கேன், ஆய்வக அறிக்கைகள், மருந்துச் சீட்டு, ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைத் தேதி வாரியாகத் தொகுத்து வைக்க வேண்டும். மரணத்தில் ஐயமிருந்தால், உடலை அடக்கவோ எரிக்கவோ செய்வதற்கு முன்பே பிரேதப் பரிசோதனை கோர வேண்டும். பின்னர் அந்தச் சான்றை மீட்பது மிகக் கடினம்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றியே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். மாறாக, மருத்துவமனையைத் தாக்குவோர் 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி சிறை செல்ல நேரும். இழப்பீடு கேட்க வேண்டிய குடும்பம் குற்றம் சாட்டப்பட்டு நிற்கும். பதிவின் நகலைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. கடமை தவறாத மருத்துவரைப் பழியிலிருந்து காப்பதும் அதே பதிவுதான் என்பதால், அதைக் கேட்க எந்தக் குடும்பமும் தயங்க வேண்டியதில்லை.